சாதாரண ஃபோனே செயற்கைக்கோளைப் பிடிக்கும்போது, எம்.எஸ்.எஸ்.க்குத் தனி அலைக்கற்றை எதற்கு?

தூரத்தலை எழுதியது:

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த கேள்வி. நகரும் கருவிகளுக்கான செயற்கைக்கோள் சேவை, சுருக்கமாக எம்.எஸ்.எஸ்., என்ற பெயரில் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் உலக அலைக்கற்றை அட்டவணையில் என்னென்ன ஒதுக்கியிருக்கிறார்கள் என்று உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். செயற்கைக்கோளிலிருந்து கீழே வர 1525–1559 மெகாஹெர்ட்ஸ், கீழிருந்து மேலே போக 1626.5–1660.5. இது எல் பேண்ட். அதையொட்டி 1610–1626.5, அதற்கு ஜோடி 2483.5–2500. பிறகு 2 கிகாஹெர்ட்ஸ் ஜோடி: 1980–2010, 2170–2200. இவற்றை மட்டும் கூட்டினாலே 161 மெகாஹெர்ட்ஸ். செல்பேசி நிறுவனங்கள் ஐந்துக்கும் பத்துக்கும் ஏலத்தில் அடித்துக்கொள்கிற அதே வட்டாரத்தில் 161!

பயன்படுத்துவது யார்? கப்பல், விமானம், ராணுவம், மலையேறுகிறவர்கள், போர்முனைக்குப் போகும் பத்திரிகையாளர்கள். இப்போதோ கடையில் வாங்கும் சாதாரண ஃபோனே நேராகச் செயற்கைக்கோளைப் பிடிக்கிறது, அதுவும் செல்பேசி நிறுவனத்தின் சொந்த அலைவரிசையில். அப்புறம் இந்தத் தனிப் பட்டைகள் எதற்கு? கலைத்துத் தரைவழிச் சேவைக்குக் கொடுத்தால் கோடிக்கணக்கானவர்களுக்குப் பயன்படுமே?

ஒற்றைக்கம்பி எழுதியது:

நல்ல கேள்வி, ஆனால் அதற்குள் ஒரு குழப்பம் இருக்கிறது. "சாதாரண ஃபோன்" என்று நீங்கள் சொல்வது இரண்டு வகை. 2022 நவம்பரில் ஐஃபோன் 14இல் வந்த அவசர உதவி வசதி குளோபல்ஸ்டார் நிறுவனத்தின் எம்.எஸ்.எஸ். பட்டையில்தான் ஓடுகிறது, நீங்கள் மேலே எழுதிய 1610ம் 2483.5ம்தான் அது. செல்பேசி நிறுவனத்தின் அலைவரிசையைக் கடன் வாங்கி ஓடுவது இன்னொரு வகை: அமெரிக்கச் செல்பேசி நிறுவனமான டி-மொபைலும் ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்லிங்கும் செய்வது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

அந்தப் பட்டை ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கைஃபோனின் ஆன்டெனா எந்தத் திசையையும் குறிவைக்காது, எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரேபோலக் கேட்கும். அப்படிப்பட்ட ஆன்டெனா பிடிக்கும் சக்தி அலைநீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.6 கிகாஹெர்ட்ஸில் கிடைப்பதோடு ஒப்பிட்டால் 12 கிகாஹெர்ட்ஸில் 56இல் ஒரு பங்குதான் கையில் வரும். டிஷ் வைத்து அதை ஈடுகட்டலாம், ஃபோனில் டிஷ்ஷுக்கு எங்கே போவது? சரி, 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கலாமே என்றால், அங்கே டிவியும் செல்பேசியும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. மேலும் அலைநீளம் கூடக் கூட, மேலே பறக்கும் ஆன்டெனாவும் பெரிதாகிக்கொண்டே போகும். ஆக, கைக்கருவிக்கு வசதியான இடம் 1க்கும் 3க்கும் நடுவில்தான்.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. டிஷ் ஒரே செயற்கைக்கோளைப் பார்க்கும். வானில் இரண்டு டிகிரி தள்ளி இன்னொன்று அதே அலைவரிசையில் பேசினாலும் அதற்குக் கவலையில்லை. அதனால்தான் டிவி செயற்கைக்கோள்கள் ஒரே அலைக்கற்றையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகின்றன. கைஃபோனுக்கு அந்த வசதி இல்லை. தலைக்கு மேலே இரண்டு நிறுவனங்கள் ஒரே அலைவரிசையில் பேசினால் இரண்டுமே காதில் விழும். எனவே ஒரு நிலப்பகுதியில் ஒரு துண்டு அலைக்கற்றை கிட்டத்தட்ட ஒரே நிறுவனத்துக்குத்தான். எம்.எஸ்.எஸ்.இல் எத்தனை பேர் பிழைக்கலாம் என்பது ஒதுக்கீட்டின்போதே முடிவாகிவிடுகிறது.

ஏலக்கடை எழுதியது:

> ஒரு துண்டு அலைக்கற்றை கிட்டத்தட்ட ஒரே நிறுவனத்துக்குத்தான்

அப்படியென்றால் அதிகம் கொடுப்பவனுக்குக் கொடு, விஷயம் முடிந்தது. சும்மா கொடுத்ததால் என்ன நடந்தது என்பதற்கு அமெரிக்காவின் 2 கிகாஹெர்ட்ஸ் கதையே போதும்.

அங்கே 2001இல் ஏலம் இல்லாமல் உரிமங்கள் கொடுத்தார்கள். 2003இல் "செயற்கைக்கோளுக்குத் துணையாகத் தரையில் கோபுரமும் வைத்துக்கொள்ளலாம்" என்று விதி தளர்ந்தது. டெரெஸ்டார் என்ற நிறுவனம் 2009 ஜூலையில் 18 மீட்டர் ஆன்டெனாவோடு ஒரு ராட்சதச் செயற்கைக்கோளை ஏவியது. அடுத்த வருடம் அக்டோபரில் திவால். டிபிஎஸ்டி என்ற இன்னொன்றும் அதே கதி. இரண்டையும் டிஷ் நெட்வொர்க் என்ற டிவி நிறுவனம் 2012இல் சுமார் 280 கோடி டாலருக்கு எடுத்தது. அதே டிசம்பரில் அந்த 40 மெகாஹெர்ட்ஸைத் தரைவழிச் சேவைக்கும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. அனுமதி தந்தது. 2025 செப்டம்பரில் அதையும், ஏலத்தில் எடுத்த இன்னொரு சிறிய துண்டையும் சேர்த்துச் சுமார் 1,700 கோடி டாலருக்கு ஸ்பேஸ்எக்ஸுக்கு விற்க ஒப்பந்தம் போட்டார்கள்.

மக்கள் சொத்து, ஒரு பைசா ஏலத்தொகை இல்லாமல் போனது. இருபது வருடத்துக்கு மேல் அதில் ஒழுங்காக ஒரு சேவையும் இல்லை. கடைசியில் லாபம் யாருக்கு?

மாலுமி72 எழுதியது:

ஏலத்தைப் பற்றிப் பேசுமுன் ஒன்று சொல்கிறேன். கடலில் வேலை பார்த்தவன் என்ற முறையில் தூரத்தலை தம்பியின் "கலைத்துவிடலாம்" எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அந்த எல் பேண்டுக்குள் 1544–1545ம் 1645.5–1646.5ம் ஆபத்து, பாதுகாப்புச் செய்திகளுக்கென்றே விடப்பட்டவை. கப்பலின் மேல்தளத்தில், இன்மர்சாட் என்ற செயற்கைக்கோள் நிறுவனத்தின் சேவைக்கு, இன்மர்சாட்-சி என்று ஒரு சின்னக் கூம்பு ஆன்டெனா இருக்கும். வேகம் விநாடிக்கு 600 பிட். இன்றைய கணக்கில் சிரிப்பாக இருக்கும், ஒரு செல்ஃபி அனுப்பினால் பொழுது விடிந்துவிடும். ஆனால் மூடியைத் திறந்து சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தால், கப்பலின் அடையாளமும் இருக்கும் இடமும் மீட்பு மையத்துக்குப் போய்ச் சேரும். கப்பல் எப்படி ஆடினாலும் போகும், ஏனென்றால் அந்த ஆன்டெனா எதையும் குறிவைக்க வேண்டியதில்லை. ஒற்றைக்கம்பி சொன்ன அதே பலவீனம்தான் அங்கே பலம்.

விமானங்களுக்கும் 1545–1555, 1646.5–1656.5இல் முன்னுரிமை இருக்கிறது. வழக்கமான வியாபாரப் போக்குவரத்து அவர்களுக்கு வழிவிட வேண்டும்.

அப்புறம், கடன் வாங்கிய அலைவரிசை கரையிலிருந்து 2,000 கிலோமீட்டர் தள்ளி யாருடையது? செல்பேசி உரிமம் நாட்டு எல்லையோடு முடிகிறது. நடுக்கடலில் எந்த நிறுவனத்தின் பேரைச் சொல்லி ஃபோன் பேசும்?

தூரத்தலை எழுதியது:

ஐயா, ஆபத்துக்கால அலைவரிசையைத் தொடச் சொல்லவில்லை. மிச்சத்தைச் சொல்கிறேன். எல் பேண்டிலேயே தரைக் கோபுரம் வைத்து நாலாம் தலைமுறைச் சேவை தரப் பார்த்தார்களே, அதை ஏன் அனுமதிக்கவில்லை?

ஒற்றைக்கம்பி எழுதியது:

லைட்ஸ்குவேர்ட் நிறுவனத்தைச் சொல்கிறீர்கள். பக்கத்து வீட்டில் ஜி.பி.எஸ். இருந்ததுதான் பிரச்சினை.

ஜி.பி.எஸ். 1575.42இல் இருக்கிறது. அதன் பட்டை 1559இல் தொடங்குகிறது, எம்.எஸ்.எஸ். இறங்கும் பட்டை முடிகிற அதே புள்ளியில். இரண்டு பக்கமும் வானத்திலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞைகளாக இருந்தவரை சண்டையே இல்லை. தரைக்கு வரும் ஜி.பி.எஸ். சமிக்ஞை ஒரு வாட்டில் பத்தாயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதற்குப் பக்கத்துப் பட்டையில் தெருவுக்குத் தெரு கோபுரம் வைத்தால் ரிசீவர் திணறிப் போகும். கோபுரம் தன் எல்லைக்குள்ளேயே ஒழுங்காக இருந்தாலும் திணறும், ஏனென்றால் பல ஜி.பி.எஸ். ரிசீவர்களின் முன்பக்க வடிகட்டி அகலமானது, பக்கத்துப் பட்டை அமைதியாகவே இருக்கும் என்று நம்பிச் செய்தது.

2011 ஜனவரியில் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. அந்த வருடச் சோதனைகளில் பாதிப்பு தெரிந்தது. 2012 பிப்ரவரியில் அனுமதியைத் திரும்பப் பெறப்போவதாக எஃப்.சி.சி. அறிவித்தது. மே மாதம் நிறுவனம் திவால். லிகாடோ என்று பெயர் மாற்றி வந்து, 2020 ஏப்ரலில் சக்தியைக் கடுமையாகக் குறைத்து, 23 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி விட்டு மறுபடி அனுமதி வாங்கினார்கள். ராணுவமும் விமானத் துறையும் விடவில்லை. 2025 ஜனவரியில் மறுபடி திவால் மனு.

அட்டவணையில் "செயற்கைக்கோள்" என்று எழுதியிருக்கும் இடத்தை "செல்பேசி" என்று மாற்றுவது ஒரு கையெழுத்துத்தான். அந்தப் பழைய வார்த்தையை நம்பி விற்ற கோடிக்கணக்கான ரிசீவர்களை யார் மாற்றுவது?

மௌனவானம் எழுதியது:

பக்கத்து வீட்டுக்காரர்கள் பட்டியலில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1610.6–1613.8 வானொலி வானியலுக்கு. 1612இல் ஹைட்ராக்சில் மூலக்கூறின் கோடு இருக்கிறது, வயதான நட்சத்திரங்களைச் சுற்றியுள்ள வாயுவை அதில்தான் பார்க்கிறோம். இயற்கை அந்தக் கோட்டை அங்கே வைத்துவிட்டது, எந்த மாநாட்டிலும் தீர்மானம் போட்டு நகர்த்த முடியாது.

செயற்கைக்கோள் ஃபோன் நிறுவனமான இரிடியம் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே பட்டையையே மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறது. 66 செயற்கைக்கோள்களும் கீழ்நோக்கிப் பேசும்போது சிதறல் எங்கள் பட்டைக்குள் விழுகிறது. ஜெர்மனியின் லீஹைம் நிலையத்தில் அளந்தே காட்டினார்கள். தரையிலிருந்து ஏறுவது மட்டும் என்றால் தொலைநோக்கியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத் தடுத்துவிடலாம். வானத்திலிருந்து இறங்குவதற்கு வட்டம் போட முடியுமா?

இத்தனைக்கும் அந்த இறங்கும் பக்க ஒதுக்கீடு இரண்டாம் நிலை. யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்பது நிபந்தனை. 2019 உலக வானொலித் தொடர்பு மாநாட்டில் அதில் 1621.35–1626.5ஐக் கடல்சார் சேவைக்கு முதல் நிலையாக உயர்த்தினார்கள். மாலுமி ஐயாவின் ஆபத்துக்காலச் சேவையைத் தர இரிடியமும் அங்கீகாரம் பெற்றதுதான் காரணம். காரணம் நியாயம்தான். கசிவு மட்டும் அப்படியே.

விதிப்புத்தகம் எழுதியது:

ஏலக்கடை நண்பருக்கு. நீங்கள் சொன்ன டிஷ் கதை அத்தனையும் உண்மை. ஆனால் அதிலிருந்து ஏலத்துக்குப் போகும் பாதை அவ்வளவு நேராக இல்லை.

செயற்கைக்கோள் ஒரு நாட்டோடு மட்டும் நின்று பேசாது. தாழ்வட்டப்பாதையில் இருப்பது சில நிமிடங்களிலேயே தலையைத் தாண்டிவிடும். ஒரு நாடு ஏலத்தில் "க" நிறுவனத்துக்கும், பக்கத்து நாடு "ச" நிறுவனத்துக்கும் அதே துண்டைக் கொடுத்தால், இருவருமே பாதி உலகத்தில் வாயை மூடிக்கொண்டு பறக்க வேண்டும். எல்லா நாட்டிலும் ஒவ்வொன்றாக ஏலம் எடுக்க வேண்டுமென்றால், கடைசியாக ஏலம் விடுகிற நாடு வைத்ததுதான் விலை. இந்தப் பயத்தில்தான் அமெரிக்காவே 2000இல் ஆர்பிட் சட்டத்தில், சர்வதேசச் செயற்கைக்கோள் சேவைகளுக்கான அலைக்கற்றையை ஏலம் விடக் கூடாது என்று எழுதிவைத்தது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் இந்தச் சேவைகளுக்கு ஏலம் இல்லாத நிர்வாக ஒதுக்கீட்டைத்தான் தேர்ந்தெடுத்தது.

ஏலம் இல்லாவிட்டால் என்ன வழி? நடைமுறையில் பார்த்தவை இரண்டு, இரண்டிலும் ஓட்டை.

முதலாவது, உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொள்வது. 1996இல் மெக்சிகோ நகரில் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ, ரஷ்யா, இன்மர்சாட் தரப்புகள் எல் பேண்டுக்கு ஓர் ஒப்பந்தம் போட்டன. பங்காளிகள் வருஷா வருஷம் வரப்பை அளந்து மாற்றி நடுவதுபோல, உண்மையான பயன்பாட்டைப் பார்த்து ஆண்டுதோறும் பங்கை மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. 1999க்குப் பிறகு புதிய பங்கீட்டுக்கு ஒத்துவரவில்லை, பழைய வரப்பே தொடர்ந்தது. யாருக்கு எவ்வளவு என்பது ரகசியம் வேறு.

இரண்டாவது, அழகுப்போட்டி: விண்ணப்பங்களின் தகுதியைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் 2 கிகாஹெர்ட்ஸ் பட்டையை இன்மர்சாட்டுக்கும் சொலாரிஸ் என்ற நிறுவனத்துக்கும் ஆளுக்கு 15+15 மெகாஹெர்ட்ஸாக 18 வருடத்துக்குக் கொடுத்தது. சொலாரிஸ் நம்பியிருந்த செயற்கைக்கோள் ஏப்ரலில் மேலே போனது, அதில் இந்தப் பட்டைக்கான (எஸ் பேண்ட்) ஆன்டெனா சரியாக வேலை செய்யவில்லை. இன்மர்சாட் தன் செயற்கைக்கோளை ஏவியது 2017 ஜூனில். அதுவும் விமானப் பயணிகளுக்கு இணையம் தர, சுமார் 300 தரைக் கோபுரங்களின் துணையோடு. "இது செயற்கைக்கோள் சேவையா, கோபுரச் சேவையா" என்று போட்டியாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2021 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் இன்மர்சாட் பக்கம் சாய்ந்தது. எதிர்த்து நின்றவர்களில் ஒருவரான வயாசாட், 2023 மே மாதம் இன்மர்சாட்டையே வாங்கிவிட்டது. எதிர்க்கட்சி வக்கீல் வீட்டுக்கு மாப்பிள்ளையான கதை இந்தத் துறையில் சகஜம்.

ஏலக்கடை எழுதியது:

:-) சரி, ஏலம் கஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். "பயன்படுத்தாவிட்டால் பிடுங்கு" என்பதையாவது ஒழுங்காகச் செய்யலாமே? சர்வதேச விதியில் ஏழு வருடக் கெடு இருக்கிறது. அதற்குள் ஒரு செயற்கைக்கோளைக் கொண்டுவந்து நிறுத்தினால் போதும், உரிமை காப்பாற்றப்பட்டுவிடும். கீழே ஒரு வாடிக்கையாளர்கூட இல்லாவிட்டாலும் யாரும் கேட்பதில்லை.

விதிப்புத்தகம் எழுதியது:

அதில் உங்களோடு நூறு சதவீதம் உடன்படுகிறேன். கெடு செயற்கைக்கோளை எண்ணுகிறது, பேசுகிறவர்களை எண்ணுவதில்லை.

தூரத்தலை எழுதியது:

எல்லாரும் பழைய கதையிலேயே நிற்கிறீர்கள். என் முதல் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு யாரும் வரவில்லை. செல்பேசி அலைவரிசையிலேயே செயற்கைக்கோள் பேசும்போது, தனிப் பட்டை தேவையா?

ஒற்றைக்கம்பி எழுதியது:

வருகிறேன் வருகிறேன்.

அந்த ஏற்பாட்டின் சட்ட அடித்தளம் மெல்லியது. அமெரிக்கா 2024 மார்ச்சில் தன் நாட்டுக்குள் விதி எழுதி அனுமதித்தது. உலக அட்டவணையிலோ அந்தச் செல்பேசிப் பட்டைகளில் பெரும்பாலும் இதற்கு எம்.எஸ்.எஸ். ஒதுக்கீடு இல்லை. அட்டவணைக்கு மாறாக ஒரு நாடு அலைவரிசை தர வேண்டுமென்றால் வானொலி விதி 4.4இன் கீழ்த் தரலாம்: அட்டவணைப்படி நடக்கிற யாருக்கும் தொந்தரவு செய்யக்கூடாது, தனக்குத் தொந்தரவு வந்தால் பாதுகாப்பும் கேட்கக்கூடாது. அவசர அழைப்பை இப்படிப்பட்ட விருந்தாளி நிலையில் நிரந்தரமாக ஓட்டுவீர்களா?

அடுத்தது எல்லை. செயற்கைக்கோளிலிருந்து தரையில் விழும் அலைக்கதிரின், அதாவது பீமின், குறுக்களவு பல பத்து கிலோமீட்டர். ஒரு நாட்டின் எல்லையோரத்தில் சேவை கொடுத்தால் ஓரம் அடுத்த நாட்டில் விழும். அங்கே அதே அலைவரிசை இன்னொரு நிறுவனத்துக்குச் சொந்தம். உள்நாட்டிலும் பக்கத்துப் பட்டைக்காரர் உண்டு. எஃப்.சி.சி. வெளிக்கசிவுக்கு ஒரு சதுர மீட்டரில் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு மைனஸ் 120 டெசிபல்வாட் என்று வரம்பு வைத்தது. அதை மைனஸ் 110.6க்குத் தளர்த்தச் சொல்லி ஸ்பேஸ்எக்ஸ் கேட்டது. சுமார் ஒன்பது மடங்கு தளர்வு. போட்டிச் செல்பேசி நிறுவனங்களான ஏ.டி.&டி.யும் வெரைசனும் கூடாது என்றன. 2025 மார்ச்சில் அனுமதி கிடைத்தது.

கடைசியாகக் கொள்ளளவு. டி-மொபைலிடமிருந்து வந்தது 5+5 மெகாஹெர்ட்ஸ். 2024இல் ஸ்பேஸ்எக்ஸ் சோதனையில் ஒரு ஃபோனுக்கு விநாடிக்கு 17 மெகாபிட் கிடைத்ததாகக் காட்டினார்கள். அது ஒரு பீம் முழுக்க ஒரே ஆளுக்கு. அதே பீமுக்குள் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் ஆளுக்கு 17 கிலோபிட். குறுஞ்செய்திக்குத் தாராளம், வீடியோவுக்குக் கனவு. நகரக் கோபுரம் சில நூறு மீட்டரில் முடிந்துவிடுவதால் அதே 5 மெகாஹெர்ட்ஸை அடுத்த தெருவில் மறுபடி பயன்படுத்தலாம். வானத்திலிருந்து அது நடக்காது. பீமைச் சிறிதாக்கணும் என்றால் மேலே ஆன்டெனாவைப் பெரிதாக்கணும். ஏ.எஸ்.டி. என்ற செயற்கைக்கோள் நிறுவனம் 2022இல் 64 சதுர மீட்டரில் ஒன்றை விரித்தது இதற்காகத்தான்.

ஆக, இன்னும் அலைக்கற்றை வேண்டும், யாரோடும் சண்டையில்லாத அலைக்கற்றை வேண்டும். ஏலக்கடை மேலே சொன்ன 1,700 கோடி டாலர் எதற்கு என்று இப்போது யோசியுங்கள். கடன் வாங்கிய 5 மெகாஹெர்ட்ஸில் தொடங்கியவர்களே, உலகம் முழுக்க எம்.எஸ்.எஸ். என்று எழுதியிருக்கும் பட்டையை விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதற்கு முன் 2024 மார்ச்சில் இதே நிறுவனம் 1.6/2.4 கிகாஹெர்ட்ஸிலும் 2 கிகாஹெர்ட்ஸிலும் உள்ளே விடச் சொல்லிக் கேட்டு, எஃப்.சி.சி. மனுவைத் தள்ளியது. கதவு திறக்காததால் வீட்டையே வாங்கினார்கள்.

மாலுமி72 எழுதியது:

வாங்குகிறவர்கள் வாங்கட்டும். ஒரே நிறுவனம் ராக்கெட்டும் வைத்து, செயற்கைக்கோளும் வைத்து, பட்டையும் வைத்துக்கொண்டால் நாளைக்குக் கப்பல்காரன் யாரிடம் பேரம் பேசுவது? குளோபல்ஸ்டாரின் கொள்ளளவில் 85 சதவீதம் ஆப்பிளுக்கென்று ஒதுக்கியாகிவிட்டது. பழைய வாடிக்கையாளர்களுக்கு மிச்சம் 15.

ஏலக்கடை எழுதியது:

மாலுமி அண்ணே, அதுதான் என் கவலையும். 1994இல் 1.6 கிகாஹெர்ட்ஸைப் பிரித்தபோது, ஒரே அலைவரிசையில் தனித்தனிக் குறியீடு வைத்துப் பேசும் நிறுவனங்கள் பலவும் சேர்ந்து பகிர்ந்துகொள்ள 11.35 மெகாஹெர்ட்ஸ், இரிடியத்துக்குத் தனியாக 5.15 என்று வைத்தார்கள். பகிர வேண்டியவர்களில் கடைசிவரை நின்றது குளோபல்ஸ்டார் மட்டும். மொத்தத் துண்டும் ஒருவர் கையில். அதிலிருந்து இரிடியத்துக்குக் கொஞ்சம் நகர்த்தவே பதிமூன்று வருடத்துக்கு மேல் ஆனது. ஒருமுறை தவறாக வெட்டினால் தலைமுறைக் கணக்கு.

தூரத்தலை எழுதியது:

சரி, "கலைத்துவிடலாம்" என்பதைவிட "யாரிடம், என்ன நிபந்தனையோடு" என்று கேட்பதுதான் பொருத்தம் போலிருக்கிறது. அடுத்து எங்கே முடிவாகும்?

விதிப்புத்தகம் எழுதியது:

இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவின் அந்த 18 வருட உரிமங்கள் 2027 மே மாதம் முடிகின்றன. அதே வருடம் அக்டோபர், நவம்பரில் ஷாங்காயில் உலக வானொலித் தொடர்பு மாநாடு. அங்கே நிகழ்ச்சி நிரலின் பொருள் 1.13இல், 694/698 மெகாஹெர்ட்ஸ் முதல் 2.7 கிகாஹெர்ட்ஸ் வரையிலான செல்பேசி அலைவரிசைகளில் செயற்கைக்கோள் நேரடியாக ஃபோனோடு பேச முறையான இடம் தரலாமா என்று பார்ப்பார்கள். 1.14இல் 2 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் எம்.எஸ்.எஸ்.க்குக் கூடுதல் ஒதுக்கீடு. 1.12இல் குறைவேகக் கருவிகளுக்கான சின்னச் சின்னப் பட்டைகள், அதில் மாலுமி ஐயாவின் 1645.5–1646.5ம் பரிசீலனையில் இருக்கிறது.

மாலுமி72 எழுதியது:

என்னது?! அதிலுமா?

விதிப்புத்தகம் எழுதியது:

பரிசீலனை மட்டும்தான் ஐயா. ஆபத்துக்கால விதியைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும், சர்வதேசக் கடல்சார் அமைப்பு சும்மா விடாது.

ஏலக்கடை எழுதியது:

ஐரோப்பா மே மாதத்துக்கு முன் என்ன எழுதுகிறது என்பதில்தான் என் கண். எத்தனை பயனர்கள், எத்தனை நாடுகளில் சேவை, எப்போது பிடுங்கப்படும் என்று எண்ணோடு எழுதாமல் இன்னொரு 18 வருடத்தைத் தூக்கிக் கொடுத்தால், இதே இழையில் வந்து கத்துவேன். மட்டுறுத்துநர் மன்னிக்கவும்.

மௌனவானம் எழுதியது:

கத்தும்போது 1612ஐ விட்டுக் கத்துங்கள்.